ஹோஸ் வெளியில் நல்லாத்தான் இருக்கு, எஞ்சின் மட்டும் கடலில் நிற்கிறது

கேள்வி, கூத்தங்குழியிலிருந்து ஒருவர்
2 ஜூன் 2024

ஃபைபர் வள்ளம், 9.9 குதிரைச் சக்தி அவுட்போர்டு (வள்ளத்தின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்). கரையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும். கடலில் அரை மணி நேரம் ஓடியதும் இளைப்பு வந்த மாதிரி இழுத்து இழுத்து ஓடும். எண்ணெய் ஹோஸில் இருக்கும் பம்ப் பல்பை (கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை) நாலு அமுக்கு அமுக்கினால் மறுபடி பிடிக்கும். கார்ப்பரேட்டரை இரண்டு தடவை கழற்றித் துடைத்தாச்சு. ஹோஸ் போன வருஷம் வாங்கியது, ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அதனால் ஹோஸாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். வேறு என்ன பார்க்கலாம் அண்ணாச்சி?

3 ஜூன் 2024, காலை

ஒழுகவில்லை என்பதை மட்டும் வைத்து ஹோஸ் நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். டாங்கிலிருந்து எஞ்சினில் இருக்கும் ஃபியூவல் பம்ப் வரைக்கும் எண்ணெய் (பெட்ரோலோ மண்ணெண்ணெயோ, எஞ்சினில் எரிவதைத்தான் சொல்கிறேன்) உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது, ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கிற மாதிரி. ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் இளநீர் வெளியே சொட்டுமா? சொட்டாது. வாயில் காற்றுதான் வரும். ஓடும் எஞ்சினிலும் அதேதான். முடி கனத்தில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், காற்று உள்ளே ஏறி எண்ணெயோடு குமிழியாகக் கார்ப்பரேட்டருக்குப் போகும். வெளியே ஈரமே தெரியாது. பல்பை அமுக்கும்போது எண்ணெய் முன்னால் தள்ளப்படுகிறது, எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் சொன்ன அடையாளம் அப்படியே இதற்குப் பொருந்துகிறது.

ஆனால் முதலில் டாங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைப் பாருங்கள். அது மூடியிருந்தால், எண்ணெய் குறையக் குறைய டாங்குக்குள் வெற்றிடம் ஏற்பட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் எஞ்சின் திணறும். கரையில் தெரியவே தெரியாது. உப்பும் மணலும் சேர்ந்து அந்தத் துவாரம் அடைத்துப்போயிருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். திருகைத் திறந்தால் மட்டும் போதாது, துவாரம் திறந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

3 ஜூன் 2024, இரவு

ஒன்று கேட்க விட்டுப்போச்சு. எஞ்சின் திணறுகிற அந்த நேரத்தில் பல்ப் எப்படி இருக்கிறது? சப்பையாக ஒட்டிப்போயிருந்தால் டாங்க் பக்கம் அடைப்பு. உருண்டையாகத்தான் இருக்கிறது, ஆனால் அமுக்கினால் எதிர்ப்பே இல்லாமல் கொழகொழவென்று போகிறது என்றால் காற்று ஏறுகிறது, இல்லாவிட்டால் பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. ஓடும்போதுதான் இதைப் பார்க்க முடியும். எஞ்சின் பிடிக்க இன்னொருவர் இருக்கும்போது மட்டும் பாருங்கள், தனியாகப் போகிற அன்றைக்கு வேண்டாம்.

பல்பின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். அது எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். ஹோஸை மாற்றும்போது பலர் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள்.

5 ஜூன் 2024

சப்பையாகவில்லை, கொழகொழவென்றுதான் இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் என் சந்தேகம் ஹோஸ் மேலேதான். கார்ப்பரேட்டரை மூன்றாவது தடவை கழற்ற வேண்டாம்.

நான் ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

2019 ஆடி மாதம். கச்சான் காற்று. உவரியிலிருந்து நானும் அண்ணனும் கணவாய் மீன் பிடிக்கப் போய்விட்டு விடிந்தபின் திரும்புகிறோம். நம் கரையில் துறைமுகம் கிடையாது, அலை அடிக்கும் இடத்தைத் தாண்டி மணலில்தான் ஏற்ற வேண்டும். பெரிய அலைகள் போகட்டும் என்று காத்திருந்து, இடைவெளி கிடைத்ததும் அண்ணன் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினான். எஞ்சின் ஒரு முறுக்கு முறுக்கி, அப்படியே நின்றது. "எலே, செத்துட்டு, பல்ப அமுக்கு" என்று கத்தினான். அமுக்கினேன். அதற்குள் வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டது. அடுத்த அலை எங்களைக் கவிழ்த்தது. கரையிலிருந்து பிள்ளைகள் நீந்தி வந்து இழுத்தார்கள். அண்ணனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது, இன்றைக்கும் இடது கையைத் தலைக்கு மேல் தூக்க மாட்டான். வலை, மீன், ஐஸ் பெட்டி எல்லாம் போச்சு.

எஞ்சினைச் சுத்தம் செய்தோம். கார்ப்பரேட்டர், பிளக், காயில் என்று மெக்கானிக் சொன்னதெல்லாம் மாற்றினோம். மெதுவாக ஓட்டினால் நன்றாக ஓடும், முழு வேகத்துக்குப் போனால் நிற்கும். கடைசியில் கோபத்தில் ஹோஸை எடுத்துப் பிளேடால் நீளவாக்கில் அறுத்தேன். உள்தோல் உரிந்து நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக உறிஞ்சினால் அது ஓரமாகக் கிடக்கும். வேகமாக உறிஞ்சினால் எழுந்து வழியை மூடிவிடும். அலைக்கு முன்னால் முழுக்கத் திருகியதும் மூடிவிட்டது. வெளித்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. அதை வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

9 ஜூன் 2024, ஞாயிறு

இன்று கடலுக்கு லீவு. பூசை முடிந்து வந்து, ஷெட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய ஹோஸ் ஏழு எடுத்து வைத்து ஒவ்வொன்றாக அறுத்தேன். அறுப்பதற்கு முன்னால் கண்ணால் பார்த்து ஒரு தீர்ப்பு, கையால் அமுக்கிப் பார்த்து ஒரு தீர்ப்பு என்று சாக்பீஸால் எழுதிவைத்தேன். கண் ஐந்தை நல்லது என்றது. கை மூன்றைத்தான் நல்லது என்றது. அறுத்துப் பார்த்தால் கை சொன்னதுதான் சரி, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் உள்தோல் உரிந்திருந்தது, அது கைக்கும் தெரியவில்லை. உரிந்ததைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி, ஹோஸைக் கழற்றி ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பார்ப்பதுதான். நீளமான ஹோஸ் என்றால் அதுவும் பாதிதான் தெரியும்.

கையால் பார்ப்பது எப்படி என்று கேட்டவருக்கு: ஒரு முனையிலிருந்து தொடங்கி நாலு விரல் அளவுக்கு ஒரு தடவை பெருவிரலால் அமுக்கிக்கொண்டே போக வேண்டும். நல்ல ஹோஸ் அமுங்கி உடனே எழும். வெயிலில் காய்ந்தது பிளாஸ்டிக் குழாய் மாதிரி விறைத்திருக்கும், வளைத்தால் வெளிவளைவில் மெல்லிய வெடிப்புகள் வாய் திறக்கும். எண்ணெயில் ஊறிக் கெட்டது பஞ்சு மாதிரி அமுங்கும், விரல் பிசுபிசுக்கும், கனமும் கொஞ்சம் கூடியிருக்கும். உள்ளே நூல் பின்னல் அறுந்திருந்தால் அமுக்கும்போது அப்பளம் நொறுங்குகிற மாதிரி விரலுக்குத் தெரியும். முக்கியமாக இரண்டு முனையிலும் கிளிப்பைக் கழற்றிவிட்டு அதற்கு அடியில் பாருங்கள். ஏழில் நாலு அங்கேதான் வெடித்திருந்தது. கிளிப்பைக் கழற்றாமல் பார்த்தது கணக்கில் சேராது.

அப்புறம் ஹோஸின் அடிப்பக்கம். மேல்பக்கம்தான் நம் கண்ணுக்குத் தெரியும், தேய்வதோ வள்ளத்தில் உரசுகிற அடிப்பக்கம். எட்டாத இடத்துக்கு செல்போனை நீட்டிப் படம் எடுத்துப் பார்க்கலாம்.

11 ஜூன் 2024

அவசரமாக ஒரு திருத்தம். "டீசல் எஞ்சினுக்கும் இப்படித்தான் தடவிப் பார்க்கணுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் சொன்னது ரப்பர் ஹோஸுக்கு மட்டும், அதுவும் எஞ்சின் நின்று ஆறிய பிறகு. டீசல் எஞ்சினில் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயை எஞ்சின் ஓடும்போது கையால் தடவவே கூடாது. அதற்குள் அழுத்தம் 200 பாருக்கு மேல், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 200 மடங்குக்கு மேல் போகும். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே எறும்பு கடித்த அடையாளம்தான் இருக்கும், உள்ளே சதை அழுகி விரலை எடுக்கும்படி ஆகலாம். அப்படி நடந்தால் வலி இல்லையென்று இருந்துவிடாமல் அன்றே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவு பார்க்க ஒரு அட்டையைக் கம்பில் மாட்டி நீட்டுங்கள், அட்டை நனையும்.

இதை 9-ந்தேதிக் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். விட்டது என் தவறு.

11 ஜூன் 2024, கொஞ்ச நேரம் கழித்து

பெட்ரோல் ஹோஸ் பார்க்கும்போது பீடி, சிகரெட் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, வள்ளத்தின் அடியில் போய்த் தங்கும். மூடிய தட்டுக்குக் கீழே எஞ்சின் இருக்கிற படகு என்றால் தட்டைத் திறந்து காற்றாட விட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைக்கணும்.

16 ஜூன் 2024, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் 14-ந்தேதியோடு முடிந்தது. தூத்துக்குடியில் விசைப்படகு வைத்திருக்கும் சிநேகிதர் நேற்றே இறங்கிவிட்டார். 61 நாள் கட்டிக் கிடந்த படகு. கிளம்புவதற்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு, "எண்ணெய் ஹோஸ் எல்லாம் புதுசு, போதும்லா?" என்றார். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்தண்ணீர் எடுக்கிற ஹோஸைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை.

இன்போர்டு எஞ்சினில் (படகுக்கு உள்ளேயே பொருத்தியது) எனக்குப் பெரிய பயம் அந்த ஹோஸ்தான். எண்ணெய் ஹோஸ் போனால் எஞ்சின் நிற்கும். தண்ணீர் ஹோஸ் போனால் படகே போகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 மி.மீ. துவாரம், நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே. ஹோஸ் கழன்றுவிட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 லிட்டர் உள்ளே வரும். வீட்டில் தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் குடத்தில் நாலு குடம். பத்து நிமிடம் யாரும் கவனிக்கவில்லை என்றால் நாற்பது குடம் படகுக்குள். தூங்குகிற நேரத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அந்த ஹோஸ் உறிஞ்சும்போது சப்பையாகாமல் இருக்க உள்ளே கம்பிச் சுருள் வைத்திருப்பார்கள். கம்பி துருப்பிடித்தால் ரப்பரின் மேல் செம்மண் நிறத்தில் கறை வரும். தேரிக்காட்டு மண் ஒட்டின மாதிரி இருக்கும், துடைத்தால் போகாது. அந்தக் கறை தெரிந்தால் அதற்குப் பிறகு சோதனையே தேவையில்லை, மாற்ற வேண்டியதுதான்.

கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும் சூடான ஹோஸில் வேறொரு நுணுக்கம். அது உள்ளேயிருந்து, அதுவும் முனையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள்தான் முதலில் வெடிக்கிறது. எஞ்சின் உலோகமும் கூலன்ட்டும் ஹோஸும் சேர்ந்து மெல்லிய மின்கலம் மாதிரி ஆகிவிடுவது இதற்குக் காரணம். அதனால் நடுவில் ஒரு அமுக்கு, முனைக்குப் பக்கத்தில் ஒரு அமுக்கு அமுக்கி ஒப்பிட வேண்டும். முனை மட்டும் மெத்தென்று இருந்தால் உள்ளே வெடிப்பு ஓடியிருக்கிறது.

சிநேகிதர் பார்த்தார். கறை இருந்தது. ஒரு நாள் தாமதமாகப் போகலாமே என்று நான் கெஞ்சாத குறை. தடை முடிந்த முதல் நாள் மீன்பாடு யார் விடுவார்? கடைசியில் இரவோடு இரவாக மாற்றிவிட்டுத்தான் போனார். கடல்தண்ணீர் வால்வுக்குப் பக்கத்தில் அந்தத் துவாரத்துக்குப் பொருந்துகிற மர ஆப்பு ஒன்றையும் கயிற்றில் கட்டித் தொங்கவிடச் சொன்னேன். செய்தாரா தெரியாது, வந்ததும் கேட்கணும்.

17 ஜூன் 2024

நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிற ஹோஸுக்கு முனைக்கு இரண்டு கிளிப் போடணும் என்று நேற்றுப் பேச்சோடு பேச்சாக ஒருவருக்குப் பதில் சொல்லியிருந்தேன். பெரியதாழை அண்ணன் மறுத்திருக்கிறார்: "இரண்டாவது கிளிப்தான் என் ஹோஸை அறுத்தது."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வது சரி. ஹோஸ் மாட்டுகிற குழாய் மூக்கு நீளமாக இருந்தால்தான் இரண்டு கிளிப்புக்கு இடம் இருக்கும். மூக்கு குட்டையாக இருந்தால் இரண்டாவது கிளிப் மூக்கின் விளிம்பில் உட்கார்ந்து, இறுக்க இறுக்க ஹோஸை விளிம்போடு வைத்து அறுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நல்ல கிளிப் ஒன்றே போதும். மூக்கின் நீளத்தை அளக்காமல் இரண்டு போடச் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.

கிளிப்பில் இன்னொன்று. கடையில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) என்று தருவதில் பட்டை மட்டும் எஸ்.எஸ்., திருகாணி சாதா இரும்பாக இருக்கும். ஒரு சின்னக் காந்தத்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். திருகாணியில் நன்றாக ஒட்டினால் அந்தக் கிளிப்பை எங்கள் கடல் காற்று ஒரே மழைக்காலத்தில் தின்றுவிடும். பட்டையில் வெட்டு வெட்டாகத் துளை இருக்கிற கிளிப்பைவிடத் துளை இல்லாத வழவழப்பான பட்டை நல்லது. துளை வழியே ரப்பர் பிதுங்கி வெட்டுப்படும்.

வெடித்த ஹோஸில் சைக்கிள் டியூப் கிழித்துச் சுற்றுவது பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். கரைக்கு வந்து சேரும் வரைக்கும் சரி. மறுநாள் கடலுக்கு அதோடு போகக் கூடாது.

23 ஜூன் 2024, ஞாயிறு

எந்த ஹோஸ் வாங்குவது? இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாம் கறுப்பு ரப்பர்தான், ஆனால் ஒன்று மற்றொன்றுக்கு ஆகாது. ரேடியேட்டர் ஹோஸ் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்கிற ரப்பர். சுடுதண்ணீரையும் வெயிலையும் நன்றாகத் தாங்கும், எண்ணெய் பட்டால் ஊதிவிடும். எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும். நாங்குநேரிப் பக்கம் வயலில் டீசல் பம்ப்செட் வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர், கையில் கிடந்த ரேடியேட்டர் ஹோஸ் துண்டை டீசல் ரிட்டர்ன் லைனில் (மிஞ்சிய டீசல் டாங்குக்குத் திரும்பும் வழி) போட்டார். சில வாரத்தில் அது ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி, கிளிப்பிலிருந்து வழுகிக் கழன்றுவிட்டது. வயலில் என்பதால் டீசலோடு போச்சு. கடலில் சூடான எஞ்சின் மேல் அதே டீசல் கொட்டியிருந்தால் தீதான்.

படகுக்கென்று செய்த எண்ணெய் ஹோஸின் மேல் எழுத்து அச்சடித்திருக்கும். ஐ.எஸ்.ஓ. 7840 என்று இருந்தால் இரண்டரை நிமிடம் தீயில் தாங்கும் என்று சோதித்தது. அமெரிக்க வகை என்றால் ஏ1, பி1 என்று இருக்கும். ஏ என்பது தீச்சோதனை தாண்டியது, பி அந்தச் சோதனை இல்லாதது. 1 என்பது எப்போதும் எண்ணெய் நிற்கும் இடத்துக்கு. மூடிய அறைக்குள் எஞ்சின் இருந்தால் ஏ வகைக்குக் குறைந்து வாங்காதீர்கள். நம் அவுட்போர்டு ஹோஸ் திறந்தவெளியில் கிடப்பது, அதற்கு பி1 போதும். எழுத்தே இல்லாத மொட்டை ஹோஸ் வேண்டாம். 2019-ல் எங்களைக் கவிழ்த்தது அப்படி ஒரு மொட்டை ஹோஸ்தான். அறுபது எழுபது ரூபாய் மிச்சம் என்று வாங்கியது.

பெட்ரோலில் எத்தனால் கலப்பதையும் கேட்டார்கள். 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. பழைய வகை ரப்பரை எத்தனால் இளக்கிவிடும். அது தண்ணீரையும் இழுக்கும். மண்ணெண்ணெய் எஞ்சினில் ஸ்டார்ட் செய்யவும் நிறுத்துமுன் கொஞ்சம் ஓட்டவும்தான் பெட்ரோல், அதனால் அந்தச் சின்ன டாங்கில் வாரக்கணக்கில் அதே பெட்ரோல் கிடக்கிறது. கடற்காற்றின் ஈரம் ஏற ஏற ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். உறிஞ்சு குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி ஊற்றுங்கள், இருப்பு வைக்க வேண்டாம்.

25 ஜூன் 2024

கேள்வி கேட்டவரிடமிருந்து இருபது நாளாகச் சத்தம் இல்லை. ஹோஸைக் கழற்றிப் பார்த்தாரா? காற்று ஏறுகிறதா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், பல்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் போட்டு, எஞ்சினை டிரம் தண்ணீரில் வைத்து ஓட்டுங்கள். குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். பார்த்ததும் கழற்றிவிடணும், அந்த டியூப் கடலுக்குப் போகக் கூடாது. தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டி இம்பெல்லரை (தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம்) கருக்கிவிடாதீர்கள்.

30 ஜூன் 2024, ஞாயிறு

பதில் வந்துவிட்டது. குமிழி தெரிந்திருக்கிறது. ஹோஸை மாற்றியிருக்கிறார். மாற்றிய பிறகும் குமிழி.

நான் ஹோஸையே பிடித்துக்கொண்டு, அதன் நுனியில் எஞ்சினோடு மாட்டுகிற கனெக்டரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நாம் தினமும் எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போகிறோம், தினமும் கனெக்டரைப் பிடுங்குகிறோம், அது மணலில் விழுகிறது, துடைத்தும் துடைக்காமலும் மறுநாள் மாட்டுகிறோம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் கோடு போட்டுவிட்டால் போதும், அதன் வழியாகக் காற்று ஏறும். அவருடைய கனெக்டரில் வளையம் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. பழைய ஹோஸை அறுத்துப் பார்த்தாராம், உள்ளே சுத்தமாக இருந்ததாம். நல்ல ஹோஸை மாற்ற வைத்துவிட்டேன், அந்தச் செலவு என்னால் வந்தது. 

வளையமும் சரியாக இருந்து அப்போதும் இதே தொல்லை என்றால் எஞ்சினில் இருக்கும் ஃபியூவல் பம்பின் டயஃப்ரம் (உள்ளே அசையும் மெல்லிய சவ்வு) பார்க்கணும். அது தளர்ந்தாலும் பல்பை அமுக்கினால் எஞ்சின் பிடிக்கும். இதையும் 3-ந்தேதியே சொல்லியிருக்கலாம்.

7 ஜூலை 2024, ஞாயிறு

கச்சான் பலமாக இருக்கிறது, இரண்டு நாளாக யாரும் போகவில்லை. அப்பாவிடம் இந்தப் பேச்சையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கட்டுமரத்தில் பாய் கட்டிப் போனவர். 2004 சுனாமிக்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் வள்ளம் வந்தது. "கட்டுமரத்துல போற அன்னைக்குக் கயிறத்தான் தெனமும் தடவிப் பாப்போம். பிரி அவிழ்ந்திருக்கா, உள்ள இத்துப்போயிருக்கான்னு முறுக்கப் பிரிச்சுப் பாக்கணும். வெளிய பாத்தா எல்லாக் கயிறும் நல்ல கயிறுதான்" என்றார். முறுக்கைப் பிரித்துக் காட்டச் சொல்லி, கயிறு பார்க்கும் விதத்தை அவரிடமே கற்றுக்கொண்டேன். கை தானாகவே நாலு விரலுக்கு ஒரு தடவை நின்று நின்று போகிறது.

ஹோஸை எலி கடிக்குமா என்று கேட்டவருக்கு: ஆமாம், கடிக்கும். மீன் வாடை பட்ட ஹோஸ் என்றால் கேட்கவே வேண்டாம். ஷெட்டில் தரையில் போடாமல் ஆணியில் பெரிய வளையமாகத் தொங்கவிடுங்கள். இறுக்கி மடித்து வைத்தால் மடிப்பில் நூல் அறும்.

கூத்தங்குழிக்காரர் இந்த வாரம் வளையம் மாற்றி, காற்று கொஞ்சம் அடங்கிய ஒரு காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டியிருக்கிறார். பல்பில் கை வைக்கவே இல்லையாம். பழைய வளையத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தோணியார் கோயிலுக்கு வரும்போது கொண்டுவாருங்கள், அந்த வளையத்தை என் ஹோஸ் துண்டுக்குப் பக்கத்தில் வைக்கணும்.